ஒரே எண்ணில் நாற்பத்தொரு பேர்

ஜூன் 3, திங்கள்

காது மிஷின் மையத்தில் வேலைக்குச் சேர்ந்து இன்றோடு இரண்டு மாதம். பேட்டரி கம்பெனிக்காரர் கொடுத்த டைரி ஒன்று மேசை மேல் சும்மா கிடந்தது. பாதி வருஷம் போய்விட்டது, இனி யார் எழுதப் போகிறார்கள், நீ வைத்துக்கொள் என்று வசந்தாமணி அக்கா தந்தார்.

எங்கள் மையத்தில் மூன்று பேர். சென்னியப்பன் சார் கண்ணாடி அறைக்குள் காது சோதனை செய்வார். வசந்தாமணி அக்கா முன்மேசையில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறார். வருகிறவர்களில் பாதிப் பேர் குமாரபாளையத்துத் தறிகளில் வேலை செய்து காது போனவர்கள். என்னையும் முதல் வாரம் முன்மேசையில்தான் உட்கார வைத்தார்கள். நான் பேசியது ஒருவருக்கும் கேட்கவில்லை.

"இவ பேசுனா காது நல்லா இருக்கறவீங்களுக்கே கேக்காதுங்க சார். இவளுக்குத்தான் மொதல்ல ஒரு மிஷின் மாட்டோணும், வாயில" என்று அக்கா சிரித்தார். அதனால் என்னைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அங்கே யாரிடமும் பேச வேண்டியதில்லை.

பதினொன்றாம் வகுப்பில் பாதியில் பள்ளியை நிறுத்திவிட்டேன். ஏன் என்று கேட்பவர்களிடம் அம்மாவின் முதுகு வலி என்று சொல்வேன். அது பாதிதான்.

ஜூன் 7, வெள்ளி

ஈரோட்டிலிருந்து சாப்ட்வேர்காரர் நவநீதன் வந்தார். வாடிக்கையாளர் பெயர், போன் எண், சோதனை வரைபடம், மிஷினை எந்த அளவில் வைத்தோம் என்ற குறிப்பு, எல்லாம் நான்கு வருஷமாக அவருடைய சாப்ட்வேரில்தான் இருக்கின்றன. பழைய நோட்டுகளைச் சார் பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார்.

நாங்கள் எல்லோரும் வசந்தாமணி அக்காவின் லாகினில்தான் வேலை செய்கிறோம். பாஸ்வேர்ட் அக்கா மகளின் பெயர். திரைக்குக் கீழே ஒட்டியிருக்கிறது. நவநீதன் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"சார், ஆளுக்கு ஒரு லாகின் போட்டுக்குங்க. ஆரு பாக்கலாம், ஆரு சேக்கலாம், ஆரு அழிக்கலாம்னு தனித்தனியா வெச்சரலாம். இப்ப இந்தப் பாப்பா கை தவறி ஒண்ண அழுத்துனாக்கூட அத்தனையும் போயிரும்."

சார் டீயை ஆற்றிக்கொண்டே, "மூணு பேரு இருக்கற எடத்துல மூணு பூட்டா? பாகம் பிரிச்சாப்பல. வசந்தாமணிய நம்பித்தான் கடைச் சாவியவே குடுத்திருக்கறேன். போப்பா" என்றார்.

அக்காவின் முகத்தில் ஒரு பெருமை வந்து போனதைப் பார்த்தேன்.

நவநீதன் போகும்போது, பெயர்களின் எண்ணிக்கை வரம்பைத் தொடப் போகிறது, இரண்டு முறை ஏறியவற்றை நீக்குங்கள் என்றார். சார் அந்த வேலையை அக்காவிடம் ஒப்படைத்தார்.

ஜூன் 12, புதன்

அக்கா விடுப்பு. மகளுக்குக் கல்லூரியில் விண்ணப்பம் போடச் சேலம் போயிருக்கிறார். சார் மதியம்வரை சங்ககிரியில் முகாம். நான் மட்டும்தான்.

நேற்று மாலையே அக்கா சொல்லியிருந்தார்: "ரெண்டு தடவ இருக்கறத மட்டும் அழி புள்ள. சந்தேகமா இருந்தா தொடாத, நான் வந்து பாத்துக்கறேன். இல்லாட்டி ஒரு போனப் போடு."

ஒரே போன் எண் உள்ளவற்றைச் சாப்ட்வேரே சேர்த்துக் காட்டுகிறது. கடைசியாகப் பதிந்ததை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கட்டுமா என்று அதுவே கேட்கிறது. எழுபத்தெட்டு எண்கள். பத்தரைக்குத் தொடங்கி ஒரு மணிக்குள் முடித்துவிட்டேன்.

ஓர் எண்ணில் மட்டும் நிறையப் பெயர்கள் இருந்தன. அக்காவிடம் கேட்கலாம் என்று போனை எடுத்தேன். அவர் ஏதாவது அலுவலகத்தில் இருப்பார், சத்தத்தில் நான் பேசுவது கேட்காது, "என்ன புள்ள, சத்தமாச் சொல்லு" என்பார். போனை வைத்துவிட்டேன். ஒரே எண் என்றால் ஒரே ஆள். அல்லது ஒரே வீடு. அப்படித்தானே இருக்க வேண்டும்.

மாலையில் பேட்டரி அட்டைகளை எண்ணி அடுக்கினேன். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் வந்தது. நான்கு குடம் பிடித்தேன்.

ஜூன் 13, வியாழன்

அக்கா சேலத்திலிருந்து தட்டுவடை வாங்கி வந்திருந்தார். "முடிச்சிட்டயா?" என்றார். தலையாட்டினேன். "சந்தேகமானத விட்டுட்டயல்ல?" அதற்கும் தலையாட்டினேன். "கெட்டிக்காரி" என்று இரண்டு தட்டுவடை அதிகம் கொடுத்தார்.

ஜூன் 20, வியாழன்

மிஷின் துடைக்கும் சின்ன பிரஷ்கள் ஐம்பது வந்தன. கவரில் போட்டு வைத்தேன். வேறொன்றும் இல்லை.

ஜூன் 27, வியாழன்

மாரக்காள் என்ற அம்மா வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கிணத்துக்காட்டு லைன் வீடுகளில் குடியிருக்கிறார். பழுதுக்குப் போன அவருடைய மிஷின் கம்பெனியிலிருந்து திரும்பி வந்திருக்கிறது. பழைய அளவை மறுபடியும் ஏற்ற வேண்டும். அக்கா வங்கிக்குப் போயிருந்ததால் நானே தேடினேன். பெயர் வரவில்லை. எண்ணை எழுதிக் காட்டச் சொன்னேன்.

அந்த எண்தான்.

"இது உங்க நம்பருங்களா?" என்று தாளில் எழுதிக் கேட்டேன்.

மாரக்காள் சத்தமாகச் சொன்னார். அவருக்கு எல்லாமே சத்தம்தான். "நமக்கேது சாமி போனு. டீக்கட நடேசன் நம்பரு. எங்க லைன்ல மிஷின் வாங்குன அத்தன பேருக்கும் அதுதான் குடுத்திருக்குது. போன் அடிச்சா எங்களுக்குக் கேக்குமா? நடேசன்தான் ரோட்டத் தாண்டி வந்து, கையக் காட்டிக் கூப்புடுவான்."

நான் அவரைப் புதியவர் என்று பதிந்துகொண்டேன். சாரிடம் புதிதாகச் சோதனை செய்ய வேண்டும் என்று சீட்டு அனுப்பினேன். சார் ஒன்றும் கேட்கவில்லை. மாரக்காள் மட்டும், "போன தடவ இவ்வளவு நேரம் ஆகிலியே" என்றார்.

வேறு யாருடைய பதிவையும் நான் தேடிப் பார்க்கவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

அக்காவிடம் சொல்லலாம் என்று இருந்தேன். நாள் முழுக்கக் கூட்டம்.

ஜூலை 6, சனி

அக்காவுக்குத் தலைவலி. இன்று வேண்டாம்.

ஜூலை 9, செவ்வாய்

மத்தியானம் சாப்பிடும்போது வாயைத் திறந்தேன். அக்கா, "உப்பு பத்தலியா?" என்றார். ஆமாம் என்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஜூலை 12, வெள்ளி

அக்கா மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. லட்டு கொடுத்தார்கள். சாரே அவருடைய டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து எங்களோடு உட்கார்ந்தார். இன்று எப்படிச் சொல்வது? திங்கட்கிழமை கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்.

ஜூலை 15, திங்கள்

கிணத்துக்காட்டு லைனிலிருந்து மூன்று பேர் வருஷச் சோதனைக்கு ஒன்றாக வந்தார்கள். மூன்று பேரின் பெயரும் இல்லை. அக்கா திரும்பத் திரும்பத் தேடினார். அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் ஒரே ஒரு பெயரும், நான் சேர்த்த மாரக்காளும்தான்.

சார் நவநீதனை வரவழைத்தார். அவர் பதினைந்து நிமிடம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஜூன் பன்னண்டு, காலைல பதினொண்ணே முக்காலு. இந்த ஒரு நம்பர்ல மட்டும் நாப்பத்தொரு பேர அழிச்சிருக்குதுங்க சார். வசந்தாமணிங்கற லாகின்ல."

"திரும்ப எடுக்க முடியாதா?"

"அழிச்சது முப்பது நாளைக்குக் கம்ப்யூட்டர் குப்பைத்தொட்டில கெடக்குங்க. அதுக்குள்ள சொல்லியிருந்தா ஒரு நிமிச வேல. வெள்ளிக்கெழமையோட முடிஞ்சு போச்சு. பேருகூட இனி வராது. எண்ணிக்க மட்டுந்தான் காட்டுது."

வெள்ளிக்கிழமை லட்டு சாப்பிட்டோம்.

அக்கா, "பன்னண்டாந் தேதி நான் லீவுங்க சார். சேலத்துல இருந்தேன்" என்றார்.

"லாகின் உன்றது. பாஸ்வேர்டு உன்ற புள்ள பேரு. போன்ல இருந்துகூட தொறக்கலாமில்ல நவநீதா?"

நவநீதன் தயங்கி, "தொறக்கலாமுங்க. ஆனா இங்க அத்தன பேரும் இதே லாகின்லதானுங்க" என்றார்.

சார் அந்தப் பாதியைக் கேட்கவில்லை. "பவானில ஒருத்தன் புதுசா மிஷின் கட தொறந்திருக்கறான். உன்ற தங்கச்சி ஊட்டுக்காரன் அங்கதான் இருக்கறானாமா. நாப்பத்தொரு பேரும் ஒரே லைனு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சயா?"

சோதனைக்கு வந்த மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்து, என்ன நடக்கிறதென்று தெரியாமல் எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்தார்கள்.

"அந்த வேலைய இந்தப் புள்ளகிட்டக் குடுத்துட்டுத்தானுங்க போனேன். அவளக் கேளுங்க" என்றார் அக்கா.

சார் என் பக்கம் திரும்பினார். "தாரணி, நீ ஏதாச்சும் அழிச்சயா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"வாயில்லாத புள்ள மேல பழியப் போடறயே வசந்தாமணி" என்றார் சார்.

அக்கா பையை எடுத்துக்கொண்டு நான்கு மணிக்கே போய்விட்டார். சாவியை மேசை மேல் வைத்திருந்தார்.

ஜூலை 16, செவ்வாய்

முன்மேசையில் என்னை உட்கார வைத்தார்கள். திரைக்குக் கீழே ஒட்டியிருந்த தாளைச் சார் கிழித்துப் போட்டார்.

ஜூலை 19, வெள்ளி

திங்கட்கிழமை எழுதியதில் ஒரு வரி சரியில்லை. சார் கேட்டபோது நான் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறேன். சொல்லவில்லைதான். ஆனால் தலையை ஆட்டினேன். இல்லை என்று. ஒருமுறை அல்ல, இரண்டு முறை. அக்கா அதைப் பார்த்தார்.

பள்ளியில் இயற்பியல் செய்முறைத் தேர்வில் வெளியிலிருந்து வந்த ஆசிரியர் கேள்வி கேட்டார். எனக்குப் பதில் தெரியும். வாய் திறக்கவில்லை. பூஜ்யம் போட்டார். அடுத்த வாரத்திலிருந்து நான் பள்ளிக்குப் போகவில்லை. அம்மாவின் முதுகு வலி போக மீதிப் பாதி அதுதான். அன்று என் மதிப்பெண் மட்டும்தான் போனது.

ஜூலை 24, புதன்

நவநீதன் வந்து புது ஏற்பாடு செய்தார். சாருக்கு ஒரு லாகின், எனக்கு ஒன்று. நான் பார்க்கலாம், சேர்க்கலாம். அழிக்க முடியாது. சாருக்கும் அழிக்கும் உரிமை வேண்டாம் என்று சாரே சொல்லிவிட்டார். பயந்து போயிருக்கிறார். எதையாவது அழிக்க வேண்டுமென்றால் ஈரோட்டுக்குக் கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுத வேண்டும்.

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கீழே குறிப்பு எழுத ஒரு கட்டமும் வைத்திருக்கிறார். "இதுல எழுதுனத மட்டும் ஆராலயும் மாத்த முடியாது, அழிக்கவும் முடியாது. எங்க ஆபீஸ்லகூட. ஆரு எழுதுனா, எந்தத் தேதில எழுதுனான்னு கூடவே நிக்கும்" என்றார்.

இனி நான் தவறு செய்தாலும் எதுவும் அழியாது. அப்படி ஒரு ஏற்பாடு. ஜூன் ஏழாம் தேதியே இதைச் செய்திருக்கலாமே என்று நவநீதன் சொல்லவில்லை.

ஜூலை 27, சனி

கிணத்துக்காட்டு ஆட்களை மறுபடியும் வரவழைத்துச் சோதிக்கிறோம். டீக்கடை நடேசனைச் சார் நேரில் அழைத்து வந்து உட்கார வைத்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு வீடு வீடாகப் போவது போலப் பெயர்களைச் சொன்னார். மொத வீட்டு ராமாயி, அடுத்து பழனியண்ணன், அந்தாண்ட வீடு பூட்டிக் கெடக்குது, என்று. மாரக்காளோடு முப்பத்தெட்டுப் பேர் ஆனார்கள்; மற்றவர்களையும் பதிந்துகொண்டேன். மீதி மூன்று பேர் யாரென்று அவருக்கும் நினைவில்லை. "ஊரு மாறிப் போனவீங்க யாராச்சுமா இருக்கும்ங்க" என்றார்.

அந்த மூவரும் என்றைக்காவது மிஷினை எடுத்துக்கொண்டு வருவார்கள். யாராவது அவர்களைப் புதியவர் என்று பதிவார்கள்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. தறிகள் ஓடவில்லை. ஊரே ஆற்றில் இருந்தது. நான் அக்கா வீட்டுக்குப் போனேன். அம்மாவிடம் ஆற்றுக்குப் போகிறேன் என்று சொன்னேன்.

அக்கா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் தெருவில் நின்றபடி, "அக்கா, அதை அழிச்சது நான்தானுங்க்கா" என்றேன்.

அவர் ஒரு புடவையை உதறிப் போட்டார். "எங்கிட்டச் சொல்லி என்ன புள்ள ஆகப் போகுது? எனக்குத்தான் தெரியுமே."

நான் அழுதேன். அவர் அழுகையை நிறுத்தச் சொல்லவும் இல்லை.

"பவானிக் கடைல போய் வேல கேட்டேன். அந்தாளு என்ன சொன்னான் தெரியுமா? 'நாப்பத்தொரு பேர எடுத்துட்டு வந்தவீங்க நீங்கதானா, அந்த லிஸ்ட்டக் குடுங்க, உடனே வேல போட்டுத் தாரேன்'ங்கறான். ஈரோட்டுல ஒரு எடத்துல கேட்டேன். அங்கயும் பேச்சுப் போயிருக்குது. பன்னண்டு வருசம் சாவி வெச்சிருந்தவ புள்ள நானு."

"நீங்க சேலத்துல இருந்தீங்கன்னு காலேஜுல எழுதி வாங்கி..."

"எதுக்கு? நான் திருடியில்லன்னு சர்டிபிகேட் வாங்கோணுமா?" கடைசித் துணியையும் போட்டுவிட்டு வாளியைக் கவிழ்த்தார். "அன்னிக்கு ஒரு போன் போட்டிருந்தயின்னா முடிஞ்சிருக்கும். அதக்கூட விடு, சின்னப் புள்ள. தலைய ஆட்டுனயே, அதுதான் புள்ள. தெரியாதவருகிட்டப் போய்ச் சொல்லு. போ."

ஆகஸ்ட் 5, திங்கள்

சாரிடம் சொன்னேன். கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். அந்த அறைக்குள் வெளிச்சத்தம் வராது. என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

சார் நெடுநேரம் காதுமாட்டியின் வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "செரி, ஆனது ஆச்சு. தெரியாம பண்ணிட்ட. போய் வேலையப் பாரு."

"அக்காவக் கூப்புடுவீங்களா சார்?"

"கூப்பிட்டு என்னன்னு சொல்றது? நாலு பேரு முன்னால பேசிப்போட்டேன். கடைக்காரங்க சங்கத்துலயும் சொல்லிட்டேன். இனிப் போய் நான்தான் தப்புன்னா என்னைய ஆரு மதிப்பா? நீ இத ஆருகிட்டயும் சொல்லிட்டுத் திரியாத. உனக்கும் நல்லதில்ல."

சரிங்க சார் என்றேன். என் வாயிலிருந்து அதுதான் வந்தது.

ஆகஸ்ட் 7, புதன்

ஐந்தரைக்குச் சார் கிளம்பிவிட்டார். நான் என் லாகினில் முதலில் மாரக்காளைத் திறந்தேன். குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்:

இவருடைய பழைய பதிவு 12.6.2024 அன்று அழிக்கப்பட்டது. அழித்தது தாரணி. அன்று வசந்தாமணி அவர்கள் விடுப்பில் இருந்தார்கள். கேட்டபோது தாரணி இல்லை என்று தலையாட்டினாள்.

சேமித்த பின் மாற்ற இயலாது, தொடரலாமா என்று திரை கேட்டது. ஜூன் பன்னிரண்டாம் தேதியும் ஒரு கேள்வி கேட்டது. அன்று படிக்காமலே அழுத்தினேன். இன்று இரண்டு முறை படித்தேன். ஆம் என்று அழுத்தினேன்.

பிறகு ராமாயி. பிறகு பழனியண்ணன். முப்பத்தெட்டுப் பேருக்கும் எழுதி முடிக்க ஏழு மணி ஆனது. அந்த மூவருக்கு எழுத இடமில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பழனியண்ணன் மிஷின் சத்தம் அதிகம் என்று வந்தார். சார் அவருடைய பதிவைத் திறந்தார். நான் முன்மேசையில் இருந்தேன். கண்ணாடிக்குள் சார் திரையை நோக்கிக் குனிவது தெரிந்தது. அடுத்தவர் பதிவையும் திறந்தார். அதற்கடுத்ததையும் திறந்தார்.

பழனியண்ணன் போன பிறகு கூப்பிட்டார்.

"ஆரக் கேட்டு எழுதுன?"

சார் திரையைக் காட்டினார்.

"இத மொதல்ல அழி."

"முடியாதுங்க சார். என்ற லாகின்ல முடியாதுங்க. உங்களுதுலயும் முடியாதுங்க."

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வெளியே பெஞ்சில் காத்திருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

சார் என்னைத் திட்டவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேன். அதையும் சொல்லவில்லை. நவநீதனுக்குப் போன் செய்தார். அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, "செரி, செரி" என்று வைத்துவிட்டார். மறுபடியும் திரையைப் பார்த்தார். அவருக்குப் பிறகு இந்த நாற்காலியில் உட்காரப்போகிறவரும் அதைப் படிப்பார் என்று அப்போதுதான் எனக்கும் தோன்றியது.

சாயங்காலம் சாவியைப் பூட்டில் போட்டபடி நின்றார். என் பக்கம் திரும்பாமலே, "வசந்தாமணி இப்ப ஊட்டுல இருக்கறாளா?" என்று கேட்டார்.

"ஆடிப் பதினெட்டு நோன்பியன்னிக்கு இருந்தாங்க சார்."

"என்ன சொன்னா?"

தெரியாதவரிடம் போய்ச் சொல்லச் சொன்னார் என்றேன்.

சார் படியிறங்கி, வண்டியைக் கிளப்பாமல் அதன் மேல் உட்கார்ந்திருந்தார். நான் பேருந்து நிறுத்தத்திலிருந்து பார்த்தேன். வண்டி கடைசியில் அக்கா வீட்டுத் தெருப் பக்கம் திரும்பியது. அதே பக்கம்தான் சார் வீடும். எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது. போயிருந்தாலும், அக்கா வாளியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போயிருப்பார் என்றுதான் தோன்றுகிறது.